வெள்ளவத்தையில் ஆறு சனிக்கிழமைகள்: அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய ஒரு தமிழ் வகுப்பு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வார நாட்களில் உயர்தர ரியூசனும் வார இறுதியில் பிறந்தநாள் வைபவங்களும் நடக்கும் ஒரு மாடி மண்டபத்தில், கடந்த ஆறு சனிக்கிழமை மாலைகளாக, 1861 முதல் 1865 வரை வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றித் தமிழில் ஒரு வகுப்பு நடந்தது. ஆளுக்கு 4,500 ரூபாய் கட்டணம். போட்டோ கொப்பித் தாள்களும் இடைவேளைப் பிளேன்டீயும் அதற்குள் அடக்கம். பரீட்சையும் இல்லை, சான்றிதழும் இல்லை. அடுத்த தொகுதிக்குப் பெயர் பதியத் தொடங்கியிருப்பதால், சேரலாமா என்று இரண்டு மூன்று நண்பர்கள் கேட்டார்கள். தொலைபேசியில் ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விடையாக அது இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

படிப்பித்தவர் வடக்கில் நீண்ட காலம் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர். மெல்லிய குரல். ஒலிவாங்கியோ முதல் நாளிலிருந்தே இரைந்துகொண்டிருந்ததால், பின்வரிசையில் இருந்தவர்கள் இரண்டாம் வாரத்திலேயே கதிரைகளைத் தூக்கிக்கொண்டு முன்னே வந்துவிட்டார்கள். முப்பது பேர் வரை இருந்தோம். உயர்தர மாணவர்கள் நாலைந்து பேர், ஓய்வூதியக்காரர்கள் கணிசமானோர், ஹட்டனிலிருந்து வந்து கொழும்பில் வேலை செய்யும் இளம்பெண் ஒருவர், எதற்காக வந்தோம் என்று தமக்கே தெளிவில்லாத என்னைப் போன்ற சிலர்.

முதல் வாரம் அவர் பேச்சோடு தொடங்கவில்லை. துணிப்பையிலிருந்து வெடித்த பருத்திக் காய்களை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் பஞ்சையும் விதையையும் வேறாக்கித் தரச் சொன்னார். செய்து பார்க்காதவர்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றும். விதையின் மேல் படர்ந்திருக்கும் பொடி மயிர் பஞ்சோடு பின்னிக் கிடப்பதால், இழுக்க இழுக்கப் பஞ்சுதான் நூலாக நீளுகிறதே தவிர விதை விடுவதில்லை. நகத்தால் பிய்த்தால் விதையோடு பாதிப் பஞ்சும் போய்விடுகிறது. என் பக்கத்தில் இருந்த ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பிடிவாதமாக உழைத்தும், நேரம் முடிந்தபோது அவருடைய தாளில் நான்கு விதைகளும் என்னுடையதில் மூன்றும் கிடந்தன. ஒருவர் ஒரு நாள் முழுவதும் இருந்து கையால் சுத்தம் செய்தால் ஒரு இறாத்தல் பஞ்சு தேறும் என்றும், 1793 இல் எலி விட்னி செய்த பருத்தி அரைவை இயந்திரம் அதே நாளில் ஐம்பது இறாத்தல் வரை தந்தது என்றும் அவர் அதன் பிறகுதான் சொன்னார். கையில் பிசுபிசுப்பு இருக்கும்போது கேட்ட எண் மறப்பதில்லை.

அந்த இயந்திரம் வேலையைக் குறைத்திருக்க வேண்டும் என்றே நாம் நினைப்போம். நடந்தது நேர்மாறு. விதை நீக்குவது எளிதானதும் பருத்தி பயிரிடுவது கொள்ளை இலாபமாயிற்று. பயிரிடவும் களை எடுக்கவும் கொய்யவும் கைகள் வேண்டியிருந்தன. 1790 ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 700,000 ஆக இருந்த அடிமைப்படுத்தப்பட்டோர் தொகை, 1860 இல் 39 இலட்சத்தைத் தாண்டியது. 1808 இலிருந்து ஆபிரிக்காவிலிருந்து ஆட்களை இறக்குவது சட்டப்படி தடுக்கப்பட்டிருந்ததால், இந்தப் பெருக்கம் பெரும்பாலும் அந்த மண்ணிலேயே பிறந்தவர்களால் ஆனது. வேர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய புகையிலை மாநிலங்களிலிருந்து மிசிசிப்பி, அலபாமா, லூசியானா ஆகிய பருத்தி நிலங்களுக்குப் போருக்கு முந்திய எழுபது ஆண்டுகளில் சுமார் பத்து இலட்சம் பேர் விற்கப்பட்டோ எசமானோடு பெயர்க்கப்பட்டோ போனார்கள். 1860 அளவில் அமெரிக்க ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் பருத்தியிலிருந்து வந்தது. அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்களின் சந்தை விலையைக் கூட்டினால் 300 கோடி டொலருக்கும் மேல். நாட்டின் புகையிரதப் பாதைகளிலும் தொழிற்சாலைகளிலும் போட்ட முதலீட்டைச் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. போரின் காரணத்தைத் தேடி மூன்று வாரம் அலைய வேண்டியதில்லை, முதல் நாளே உங்கள் கையில் ஒட்டியிருந்தது என்று அவர் சொல்லாமலே எங்களுக்கு விளங்கிற்று.

சொல் பற்றி அவர் கவனமாக இருந்தார் என்பதையும் குறிப்பிட வேண்டும். தமிழில் ‘அடிமை’ என்ற சொல்லுக்குப் பக்தியால் வந்த ஓர் இனிப்பு உண்டு. திருவெண்ணெய்நல்லூரில் கிழ வேதியராக வந்த சிவன், சுந்தரரின் பாட்டன் எழுதிக் கொடுத்ததாக ஓலையை நீட்டி, பேரனும் தன் அடிமையே என்று வழக்காடிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் உறுத்துவதில்லை. அந்தக் கதையின் உள்ளே இருக்கும் சட்டத்தை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள் என்றார் ஆசிரியர். பாட்டன் போட்ட கையெழுத்துப் பேரனைக் கட்டுமா என்று சபையில் கேட்கவாவது ஓர் இடம் இருந்தது. வேர்ஜீனியாவில் 1662 இல் இயற்றிய சட்டமோ, பிள்ளையின் நிலை தாயின் நிலையைத் தொடரும் என்று ஒரு வரியில் முடித்துவிட்டது. எசமானுக்கே பிறந்த பிள்ளையும் எசமானின் உடைமையானது அந்த வரியினால்தான்.

இரண்டாம் வாரம் அரசியலமைப்பும், அடிமை முறை எதுவரை பரவலாம் என்பது பற்றிய சமரசங்களும். இங்கே கொஞ்சம் வேகமாகப் போனார், எனக்கு அதில் குறையில்லை. 1820 ஆம் ஆண்டு மிசூரிச் சமரசம், 1850 ஆம் ஆண்டுச் சமரசம், 1854 ஆம் ஆண்டுக் கன்சாஸ் – நெப்ராஸ்கா சட்டம், 1857 ஆம் ஆண்டு ட்ரெட் ஸ்கொட் வழக்கில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஆகியவற்றைப் பாடப் புத்தகம் எல்லாம் வரிசையாக அடுக்கும். இவர் அந்த வரிசையில் ஒன்றை மட்டும் பிடித்து நிறுத்தினார். 1850 ஆம் ஆண்டுத் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தின்படி, பிடிபட்டவர் உண்மையில் தப்பியோடிய அடிமைதானா என்று தீர்மானிக்கும் ஆணையாளருக்கு, ஆளை உரிமையாளரிடம் ஒப்படைத்தால் 10 டொலரும் விடுவித்தால் 5 டொலரும் கட்டணம். பிடிபட்டவர் தம் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. ஜூரி விசாரணையும் கிடையாது. வடக்கில் அதுவரை அடிமை முறையைத் தூரத்து விவகாரமாகப் பார்த்தவர்கள், தங்கள் தெருவிலேயே ஒரு மனிதரைக் கட்டி இழுத்துச் செல்ல ஒத்தாசை செய்யுமாறு சட்டத்தால் பணிக்கப்பட்டபோது மனம் மாறினார்கள்.

இதே வாரத்தில் அவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்த ஒரு செய்தியை நான் வீட்டுக்கு வந்தும் நினைத்துக்கொண்டிருந்தேன். வட்டுக்கோட்டை செமினரியையும் உடுவில் மகளிர் பாடசாலையையும் நமக்குத் தந்த அமெரிக்க மிஷன் சபை, அடிமை உரிமையாளரின் நன்கொடையை ஏற்பது பற்றியும் அடிமை முறையைக் கண்டிப்பது பற்றியும் உறுதியாக வாய் திறக்கவில்லை என்று கோபித்துக்கொண்ட கிறிஸ்தவர்கள் 1846 இல் பிரிந்து அமெரிக்க மிஷனரிச் சங்கம் என்று தனியே தொடங்கினார்கள். போருக்குப் பின் தெற்கில் விடுதலை பெற்றவர்களுக்குப் பாடசாலைகள் கட்டியதில் முன்னின்றது அந்தப் பிரிந்த சங்கம். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடங்களின் நூற்றாண்டு மலர்களைப் புரட்டியவர்கள் எத்தனையோ பேர் இருப்போம்; அந்தச் சபைக்குள் நடந்த இந்தச் சண்டையை எந்த மலரிலும் நான் வாசித்ததில்லை. இதற்கு ஒரு கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

மூன்றாம் வாரம்தான் இந்த வகுப்பின் உயிர். ஒருவர் ஒரு நாள் மட்டும்தான் வர முடியும் என்றால் அந்த நாளுக்கு வரச் சொல்வேன்.

பிரிந்து போகும் உரிமை, மத்தியின் அத்துமீறல், மாநிலங்களின் அதிகாரம் என்ற சொற்கள் கொழும்புத் தமிழர் ஒருவரின் காதில் விழும்போது, அவை எங்கோ நடந்த விவகாரமாகக் கேட்பதில்லை. பிரிந்து போக விரும்பிய சிறு பகுதியும் அதைப் படை கொண்டு தடுத்த பெரும் பகுதியும் என்று கதையைச் சொல்லத் தொடங்கினால், எங்களில் பலர் எந்தப் பக்கம் சாய்வோம் என்பது ஆசிரியருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இடைவேளையில் பிளேன்டீயோடு நின்றபோது ஒருவர் அதை வாய்விட்டே சொன்னார்: என்ன இருந்தாலும் போகிறேன் என்றவனைப் போக விட்டிருக்க வேண்டும். ஆசிரியர் மறுத்துப் பேசவில்லை. தாள்களைக் கொடுத்தார்.

தாள்களில் இருந்தவை பிரிந்து போன மாநிலங்கள் தாமே வெளியிட்ட பிரகடனங்களின் பகுதிகள், தமிழாக்கம் ஆசிரியருடையது. 1860 டிசம்பர் 20 ஆம் திகதி முதலில் விலகிய தென் கரோலினா, தன் விலகலுக்கான உடனடிக் காரணங்கள் என்று ஓர் ஆவணம் எழுதியது. அதில் மத்திய அரசின் மீதான குறையை விட வட மாநிலங்கள் மீதான குறையே அதிகம். தப்பியோடியவர்களைப் பிடித்துத் தர மறுக்கும் சட்டங்களை அவை இயற்றிவிட்டனவாம். தங்கள் மண்ணில் அடிமைகளோடு பயணம் செய்யும் உரிமையைக் கூட நியூயோர்க் நீதிமன்றங்கள் மறுத்தனவாம். அதாவது, வட மாநிலங்கள் தங்கள் மாநில அதிகாரத்தைப் பயன்படுத்தியதுதான் குற்றம். மத்திய அரசு தலையிட்டு அதை அடக்கவில்லை என்பதுதான் முறைப்பாடு. மாநில உரிமைக்காகப் போன மாநிலம் எழுதிய ஆவணம் இது. மிசிசிப்பியின் பிரகடனம் இன்னும் சுருக்கம்: ‘எமது நிலைப்பாடு அடிமை முறை என்னும் நிறுவனத்தோடு, உலகின் மிகப் பெரிய பொருள் நலனோடு, முழுமையாகப் பிணைந்துள்ளது.’ இந்த வரியைத் தமிழாக்கிய இடத்தில் ‘சொத்து’ என்று எழுதி வெட்டி, ‘ஆதனம்’ என்று எழுதி அதையும் வெட்டி, கடைசியில் ‘பொருள் நலன்’ என்று அவர் போட்டிருந்தது போட்டோ கொப்பியிலும் அப்படியே விழுந்திருந்தது. நாம் காணி உறுதியில் எழுதும் சொல்லை மனிதர் மேல் வைக்க அவருக்குக் கை வரவில்லைப் போலும்.

விலகிய மாநிலங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பின் துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் 1861 மார்ச் 21 ஆம் திகதி சவன்னாவில் ஆற்றிய உரையின் ஒரு பத்தியும் இருந்தது. புதிய அரசின் மூலைக்கல், கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமானவர் அல்லர் என்பதும் அடிமைநிலையே அவருக்கு இயல்பானது என்பதும்தான் என்று அவர் ஒளிவு மறைவின்றிக் கூறினார். அந்த அரசின் அரசியலமைப்பு, அடிமை உடைமையைப் பாதிக்கும் எந்தச் சட்டத்தையும் தன் காங்கிரஸ் இயற்றக் கூடாது என்று தடுத்ததோடு, புதிதாகக் கைப்பற்றும் பிரதேசங்களிலும் அடிமை முறையைக் காக்க வேண்டும் என்றது. இதை வாசித்து முடித்தபோது மண்டபத்தில் சத்தமில்லை. பிரிந்து போகும் உரிமை என்று பொதுவாகப் பேசுவதற்கு முன், எதைச் செய்வதற்கான உரிமை, பிரிகிற நிலத்தில் வாழும் எல்லோரையும் கேட்டார்களா என்ற இரண்டு கேள்விகளை ஆசிரியர் வைத்தார். தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைப்படுத்தப்பட்டிருந்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கு அன்று அசௌகரியமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை; அந்த அசௌகரியத்துக்காகவே கட்டணத்தில் பாதியைக் கொடுக்கலாம்.

வங்கி அதிகாரி விடவில்லை. சுங்க வரிதானே உண்மையான காரணம், கைத்தொழில் வடக்கு விவசாயத் தெற்கைச் சுரண்டியது என்றுதானே நாங்கள் படித்தோம் என்று கேட்டார். அந்தக் காலத்துப் பாடத்தில் அப்படித்தான் இருந்தது, நானும் படித்திருக்கிறேன். 1857 இல் வரி குறைக்கப்பட்டிருந்தது என்பதும், அதை உயர்த்திய மொரில் வரிச் சட்டம் 1861 மார்ச் மாதத்தில், ஏழு தென் மாநிலங்கள் விலகி அவற்றின் உறுப்பினர்கள் செனட்டை விட்டுப் போன பின்னரே நிறைவேறியது என்பதும் ஆசிரியரின் விடை. போனதற்குக் காரணம் போன பிறகு வருமா என்று யாரோ பின்னால் முணுமுணுக்க, வங்கி அதிகாரியே சிரித்துவிட்டார்.

லிங்கனைத் தெய்வமாக்காததும் இந்த வகுப்பின் நல்ல குணம். 1860 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் அவர் வென்றபோது பெற்றவை நாற்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைந்த வாக்குகள். தெற்கில் பல மாநிலங்களில் அவருக்கு வாக்குச் சீட்டே அச்சிடப்படவில்லை. அடிமை முறை இருக்கும் மாநிலங்களில் கை வைக்கப் போவதில்லை, புதிய பிரதேசங்களுக்குப் பரவ விடமாட்டோம் என்பதே அவருடைய கட்சியின் நிலைப்பாடு. பரவாவிட்டால் செனட்டில் தெற்கின் பலம் தேய்ந்துவிடும், பலம் தேய்ந்தால் என்றோ ஒரு நாள் அடிமை முறையே போய்விடும் என்று தெற்கின் தலைவர்கள் கணக்குப் போட்டார்கள். 1861 ஏப்ரல் 12 ஆம் திகதி சார்ள்ஸ்டன் துறைமுகத்தில் சம்ட்டர் கோட்டை மீது சுட்டது அவர்கள்தான். லிங்கன் 75,000 தொண்டர்களைக் கேட்டதும் மேலும் நான்கு மாநிலங்கள் விலகி மொத்தம் பதினொன்றாயின. அடிமை முறை இருந்தும் விலகாத டெலவெயர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி என்ற நான்கு எல்லை மாநிலங்களை ஆசிரியர் பலகையில் தனி நிறத்தில் வரைந்தார். நான்காம் வாரத்துக்கு அது தேவைப்பட்டது.

நான்காம் வாரத்தின் கேள்வி: விடுதலையைக் கொடுத்தது யார்? லிங்கனின் 1863 ஜனவரி 1 ஆம் திகதி விடுதலைப் பிரகடனம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். அதற்கு ஒன்றரை ஆண்டு பின்னோக்கி எங்களை அழைத்துப் போனார். 1861 மே மாதம் ஓர் இரவு, வேர்ஜீனியாவில் பிராங்க் பேக்கர், ஜேம்ஸ் டவுன்செண்ட், ஷெப்பர்ட் மெலொரி என்ற மூவர், தெற்குப் படைக்கு அரண் கட்டும் வேலையிலிருந்து தப்பி, ஓடத்தில் ஏறி, வடக்கின் படையான ஒன்றியப் படையின் மன்றோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். அடுத்த நாளே உரிமையாளரின் பிரதிநிதி வெள்ளைக் கொடியோடு வந்து, 1850 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்களைத் திருப்பிக் கேட்டார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் தொழிலால் வழக்கறிஞர். வேர்ஜீனியா அந்நிய நாடு என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள், அந்நிய நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று மடக்கி, எதிரிக்குப் பயன்படும் பொருளைப் போரில் பறிமுதல் செய்யலாம் என்ற விதியின் கீழ் மூவரையும் வைத்துக்கொண்டார். மனிதரைப் பொருள் என்று சொன்ன எசமானின் வாதத்தையே எசமானுக்கு எதிராகத் திருப்பிய வேலை அது. செய்தி பரவப் பரவ நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். வொஷிங்டன் சட்டங்களை இயற்றியது அதற்குப் பிறகு.

ரொபர்ட் ஸ்மோல்ஸ் கதையையும் அன்றுதான் கேட்டேன். 1862 மே 13 ஆம் திகதி விடிவதற்கு முன், சார்ள்ஸ்டன் துறைமுகத்தில் வெள்ளை அதிகாரிகள் கரையில் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ‘பிளாண்டர்’ என்ற நீராவிக் கப்பலைச் செலுத்தும் பணியிலிருந்த இந்த இளைஞர், கப்டனின் வைக்கோல் தொப்பியை அணிந்துகொண்டு, வழியில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு, சம்ட்டர் கோட்டையைக் கடக்கும்போது கொடுக்க வேண்டிய நீராவி ஊதல் சமிக்ஞையையும் பிசகாமல் கொடுத்து, கப்பலை ஒன்றியக் கடற்படையிடம் ஒப்படைத்தார். பின்னாளில் அவர் காங்கிரஸ் உறுப்பினரானார். பியூபோர்ட்டில் தம் பழைய எசமானின் வீட்டையே விலைக்கு வாங்கினார். மெல்லிய குரல்காரரான ஆசிரியர் அந்த ஊதலை வாயால் ஊதிக் காட்டியது இந்த ஆறு வாரத்தில் நான் மறக்காத காட்சி.

லிங்கனின் பிரகடனம் கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. அந்த நான்கு எல்லை மாநிலங்களைத் தொடவில்லை. ஆயினும் அது கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்க வழி திறந்தது, சுமார் 180,000 பேர் ஒன்றியப் படையில் சேர்ந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டொலர் கொடுத்த அரசு, இவர்களுக்கு 10 டொலர் என்று சொல்லி, உடுப்புக்கென்று 3 டொலரைக் கழித்து 7 டொலரை நீட்டியது. மசசூசெட்ஸின் 54 ஆம் படைப்பிரிவினர் அந்தப் பணத்தைக் கையால் தொட மறுத்துச் சண்டை மட்டும் செய்தார்கள். 1864 ஜூனில்தான் காங்கிரஸ் சம ஊதியத்தை ஏற்றது.

ஐந்தாம் வாரம் வகுப்பு தடுக்கி விழுந்தது. போர்க்களங்களைப் படத்தில் காட்டுவதாக அறிவித்திருந்தார்கள். ப்ரொஜெக்டர் முக்கால் மணி நேரம் நீலத் திரையை மட்டும் காட்டிற்று. ஏற்பாட்டாளர்களில் ஒருவர் வயரைப் பிடுங்கி மாட்டுவதும் மற்றவர் யாருக்கோ தொலைபேசி எடுப்பதுமாக நேரம் போனது. பிறகு ஓடிய படங்களில் அன்டீட்டம், விக்ஸ்பர்க், கெட்டிஸ்பர்க் என்று அம்புக்குறிகள் இங்குமங்கும் பாய்ந்தன. 1862 செப்டம்பர் 17 ஆம் திகதி அன்டீட்டத்தில் ஒரே நாளில் கொல்லப்பட்டும் காயப்பட்டும் காணாமற்போயும் சுமார் 23,000 பேர் வீழ்ந்தார்கள் என்பதும், 1863 ஜூலை 4 ஆம் திகதி விக்ஸ்பர்க்கும் ஐந்து நாளில் போர்ட் ஹட்சனும் விழுந்ததால் மிசிசிப்பி ஆறு முழுவதும் ஒன்றியத்தின் கைக்கு வந்தது என்பதும் தவிர எனக்கு அன்று ஒன்றும் நிற்கவில்லை. பஞ்சு வராமல் லங்காஷயர் ஆலைகள் பட்டினி கிடந்ததும், பம்பாயில் பஞ்சு விலை வானத்துக்கு ஏறி 1865 இல் தலைகுப்புற விழுந்ததும் ஒரே வாக்கியத்தில் போய்விட்டன. அம்புக்குறிகளைக் குறைத்து இதைச் சொல்லியிருந்தால், இந்து சமுத்திரத்துக் கரையில் இருக்கும் எங்களுக்கு அந்தப் போர் இன்னும் கிட்ட வந்திருக்கும்.

ஆறாம் வாரம்தான் எனக்கு உண்மையான வருத்தம். மண்டபத்தில் அன்று வேறொரு வைபவம் முடிய நேரமானதால், பலூன்களைக் கழற்றிக் கதிரைகளை அடுக்கி நாங்கள் உட்காரவே நாற்பது நிமிடம் தாமதம். 1865 ஏப்ரல் 9 ஆம் திகதி அப்பமட்டொக்ஸில் தெற்கின் தளபதி லீ சரணடைந்ததையும், ஐந்து நாள் கழித்து லிங்கன் சுடப்பட்டதையும் ஆசிரியர் சொல்லி முடிக்கும்போது இருபது நிமிடமே மீதி. உயிரிழந்தோர் 620,000 என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்ததையும், குடித்தொகைக் கணக்கை வைத்து 2011 இல் செய்த மதிப்பீடு 750,000 வரை போவதையும், அதில் பெரும்பகுதி நோயால் வந்த சாவு என்பதையும் சொன்னார். அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் 1865 டிசம்பரில் அடிமை முறையை ஒழித்தது, 14 ஆம் திருத்தம் 1868 இல் குடியுரிமை தந்தது, 15 ஆம் திருத்தம் 1870 இல் வாக்குரிமை தந்தது என்று பலகையில் மூன்று வரி. மணி அடித்தாயிற்று.

காரணத்துக்கு மூன்று வாரம் கொடுத்த வகுப்பு, விளைவுக்கு இருபது நிமிடம் கொடுத்தது சரியான பங்கீடல்ல. அந்த மூன்று வரிகளோடு வீட்டுக்குப் போகிறவர், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்ற எண்ணத்தோடுதான் போவார். 13 ஆம் திருத்தத்துக்குள்ளேயே, குற்றத்துக்குத் தண்டனையாக அன்றி, என்று ஒரு விலக்கு இருப்பதை அவர் அறியமாட்டார். அந்த விலக்கின் வழியே, வேலையில்லாமல் திரிந்தார் என்று பிடித்த கறுப்பினத்தவரைக் கைதியாக்கிச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் வாடகைக்கு விட்டார்கள். 1865 ஜனவரியில் தளபதி ஷேர்மன் கரையோர நிலத்தைக் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க, சுமார் 40,000 பேர் குடியேறியிருந்தார்கள். லிங்கனுக்குப் பின் வந்த ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் அதே ஆண்டில் அந்த நிலத்தைப் பழைய உரிமையாளருக்கே திருப்பிக் கொடுத்தார். நட்டஈட்டின் கதையும் அப்படித்தான். 1862 இல் வொஷிங்டன் நகரில் அடிமை முறையை ஒழித்தபோது ஒரு தலைக்கு 300 டொலர் வரை அரசு கொடுத்தது உரிமையாளருக்கு.

நல்ல காலமும் இருந்தது. ஒன்றியப் படை தெற்கில் நின்று காத்த ஆண்டுகளில் கறுப்பினத்தவர் வாக்களித்தார்கள், பாடசாலை கட்டினார்கள். 1870 இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவெல்ஸ் முதல் கறுப்பினச் செனட்டராகப் போனார். 1876 ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் தகராறில் முடிந்து, ஜனாதிபதியைத் தெரிவு செய்யும் தேர்வாளர்களின் வாக்குகளில் 185 க்கு 184 என்று ஒரே ஒரு வாக்கில் ஹேய்ஸ் வென்றதும், 1877 இல் தெற்கில் எஞ்சியிருந்த படையை மாநில ஆட்சிமன்றக் கட்டடங்களிலிருந்து விலக்கினார்கள். அதன் பிறகு வாக்களிக்கக் கட்ட வேண்டிய வரியும் எழுத்தறிவுச் சோதனையும் வந்தன. லூசியானாவில் 1896 இல் 130,000 க்கு மேல் இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு, 1904 இல் 1,342 ஆனது. வாக்குரிமை காகிதத்திலிருந்து மீண்டும் தரைக்கு வர 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விளைவு என்று நான் எதிர்பார்த்தது இதையெல்லாம். ஆசிரியருக்குத் தெரியாததல்ல, நேரம் கிடைக்கவில்லை.

அன்று கடைசியாகக் கை உயர்த்தியவர் ஹட்டனிலிருந்து வந்த பெண். விடுதலை பெற்றவர்கள் அதன் பிறகு எங்கே போய் வேலை செய்தார்கள், யார் நிலத்தில் என்று கேட்டார். ஏற்பாட்டாளர் அதற்குள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டார். நாங்கள் நாலைந்து பேர் ஆசிரியரோடு காலி வீதிவரை நடந்து, மருந்துக் கடை ஒன்றின் வெளிச்சத்தில் நின்றோம். பக்க எண்ணிக்கை கூடிவிட்டது என்று கொப்பி எடுக்காமல் விட்ட தாள்கள் அவர் பையில் இருந்தன. அதில் ஒன்று பங்குக் குத்தகை எப்படி நடந்தது என்பது. நிலம், விதை, கோவேறு கழுதை ஆகியவை நிலக்காரருடையவை, உழைப்பு விடுதலை பெற்றவருடையது, விளைச்சலில் பாதி. ஆண்டு முழுவதும் சாப்பாட்டுச் சாமான் கடையில் கடனுக்கு, வட்டியோடு; அறுவடை முடிந்ததும் பாதியிலிருந்து கடனைக் கழித்தால் பெரும்பாலும் மீதி கடன்தான், அடுத்த ஆண்டும் அதே நிலத்தில் நிற்க வேண்டியதுதான்.

அந்தப் பெண் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டே, “எங்க பாட்டி சொல்ற அரிசிக் கணக்கு மாதிரியே இருக்குங்க சார்” என்றார். ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இலங்கைப் பக்கம் வந்தார். பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழித்த 1833 ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையைப் பெயர் சொல்லி விலக்கி வைத்ததையும், இங்கே 1844 வரை அது சட்டத்தில் இருந்ததையும், இதே கொழும்பில் கொம்பனித் தெருவுக்கு ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்று பெயர் வந்தது ஒல்லாந்தர் அங்கே அடிமைகளை வைத்திருந்ததால் என்பதையும் சொன்னார். பிறகு, தொழிலாளியின் கடனை ஒரு துண்டில் எழுதி, அந்தத் தொகையைக் கொடுத்த தோட்டத்துக்கு ஆளை மாற்றிவிடும் முறை 1921 வரை மலையகத்தில் நடந்ததையும் சொன்னார். அடிமை முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் குழப்பக் கூடாது, விற்கப்பட்ட பிள்ளைக்கும் கடன்பட்ட தகப்பனுக்கும் வித்தியாசம் உண்டு என்று இரண்டு முறை வற்புறுத்தினார். அந்த வேறுபாட்டை விரிக்கத் தொடங்கும்போது 100 ஆம் இலக்க பஸ் வந்துவிட்டது. அவர் பாணந்துறைப் பக்கம் போக வேண்டியவர்.

ஏழாவது வாரம் ஒன்றைச் சேர்ப்பது பற்றி யோசிப்பதாக ஏற்பாட்டாளர்கள் சொல்கிறார்கள். பதியும்போது அதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு பணத்தைக் கட்டுங்கள். கொப்பி எடுக்காத தாள்களையும் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தின் வலப்பக்கத்து இரண்டாவது மின்விசிறி வேலை செய்யாது, அதன் கீழ் இருக்க வேண்டாம்.